ஒன்பது இருபத்திரண்டுக்கு ஓடிய செல்வி

2003 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை 4.50 விழிப்பு. 5.10 காப்பி. 5.30 முதல் 6.00 வரை செடிகளுக்குத் தண்ணீர். 6.20 சவரம் (இடது தாடையில் ஒரு கீறல்). 8.35 விக்கிரமங்கலத்தில் அரியலூர் பஸ். எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன் எங்கும் தோற்க மாட்டான் என்று அப்போது நம்பியிருந்தேன். அன்று மதியத்துக்குள் அது போயிற்று.

நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். நான்காம் வகுப்பில் செல்வி என்றொரு பெண். பேச்சு வராது, மனவளர்ச்சி குறைவு என்று அரசாங்க அட்டை உண்டு. காலை இறைவணக்கத்தின்போது காதைப் பொத்திக்கொண்டு, வரிசையை உடைத்து ஓடி, சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இருபத்து மூன்று ஓட்டங்கள். அத்தனையையும் மணி, நிமிடத்தோடு குறித்திருந்தேன். நான் இல்லாத நாள்களில் குறிக்கும்படி உதவி ஆசிரியைக்கும் உத்தரவிட்டிருந்தேன். ஒருநாள் ஓடியவளைப் பிடிக்கப் போனேன். பதிவு: “9.24. எனது வலது கை கடிக்கப்பட்டது.” (அலுவல் நடை என்றால் அப்படித்தான்.)

டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதென்று படிவத்தைப் பூர்த்தி செய்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்குள் செல்வியின் அம்மா வள்ளி கல்வி அலுவலரிடம் போய்விட்டார். அன்று அரியலூரில் அவர் வைத்த விசாரணைக்கு நான் என் பதிவுகளை மூன்று பிரதிகள் எடுத்துப் போனேன். ஒன்றை வள்ளிக்கே கொடுத்தேன், நியாயவான் என்று காட்டிக்கொள்ள.

அலுவலர் அம்மையார் முதலில் கேட்டார்: “சார், தொண்ணூத்தஞ்சாம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் படிச்சிருக்கீங்களா? இந்தப் புள்ளைய நாமதான் படிக்க வைக்கணும். நீங்க வெளிய அனுப்புறீங்க?”

“சுற்றறிக்கை ஃபைல்ல இருக்குங்கம்மா. வரிசை எண் நாப்பத்தொண்ணு.” (படித்ததற்குப் பதிவு இல்லை.)

செல்வி அம்மாவின் முந்தானையைத் திருகிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். எட்டாவது வரை படித்த வள்ளி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் சார், எல்லாமே ஒம்போது இருபத்திரண்டு, இருபத்துமூணுன்னே போட்ருக்கு?”

“அவ அந்த நேரத்துலதாம்மா ஓடுவா.”

“நடுவுல நாலு நாள் ஓடலையே?”

“அன்னிக்கெல்லாம் நான் லீவு, மீட்டிங்…”

சொல்லிக்கொண்டே என் பிரதியைப் புரட்டினேன். அந்த நான்கு நாள்களிலும் உதவி ஆசிரியை எழுதியிருந்தது ஒன்றேதான்: “இறைவணக்கம் அமைதியாக முடிந்தது. 9.25க்கு வகுப்புகள் தொடங்கின.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “ஒம்போது இருபத்திரண்டுக்கு அங்க என்ன நடக்கும் சார்?”

“நான் மைக்ல பேசுவேங்கம்மா. ஒழுக்கத்தப் பத்தி.”

“எவ்வளவு நேரம்?”

“பதினெட்டு நிமிஷம்.”

வள்ளி பிடித்துக்கொண்டார். “பஸ் ஆரனுக்கே அசங்காத புள்ளம்மா இது! சார் மைக்க எடுத்தா கிய்யின்னு ஒரு சத்தம், அப்பறம் இவரு சத்தம். எங்க தெருவுல நாங்களே கதவச் சாத்திக்கிறோம். இவளுக்கு அங்க இருக்கறது சோறாக்குற ரூம்பு கதவுதான். அதச் சாத்துறா.”

அலுவலக உதவியாளர் சிரிப்பை அடக்க வெளியே போனார். அம்மையார் அடக்கவில்லை. “புள்ளைய மாத்தறதுக்கு முன்னாடி மைக்க நிறுத்திப் பாப்போம் சார். பேச்சு ரெண்டு நிமிஷம்.”

வள்ளி மட்டும் சிரிக்கவில்லை. “இத வுட்டா இவளச் சேத்துக்க வேற பள்ளிக்கூடம் இல்ல சார். அனுப்ப மாட்டீங்கள்ல?”

“மாட்டேம்மா,” என்றேன்.

வள்ளிக்குப் பிரதி கொடுத்தது முதல் தவறு என்றால், இதை வீட்டில் மனைவியிடம் சொன்னதுதான் இரண்டாவது தவறு. இன்றுவரை நான் யாருக்காவது புத்தி சொல்லத் தொண்டையைக் கனைத்தால், “மணி ஒம்போது இருபத்திரண்டு!” என்று ஒரு குரல் எழும், மொத்தக் குடும்பமும் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடும். மருமகனும் ஓடுகிறார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது.

விசாரணைக்கு மறுநாள் காலை 8.40க்குப் பள்ளிக்குப் போய், முதல் வேலையாக டி.சி. படிவத்தின் குறுக்கே “ரத்து” என்று எழுதினேன். ‘நடத்தை’ என்ற இடத்தில் “திருப்தி இல்லை” என்று நான் போட்டிருந்தது கண்ணில் பட்டது. ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினேன்: “மேற்படி குறிப்பு மாணவியைப் பற்றியதன்று.” கீழே தலைமை ஆசிரியர் என்று கையெழுத்திட்டேன்.