ஆறு மாத ஓட்டல், ஆறு மாத உலகம்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மகத்தான ஏற்பாடு எது என்று கேட்டால், எங்கள் தெருவில் பால் பல் விழாத பிள்ளைகூடத் தயங்காமல் பதில் சொல்லும்: ஆறு மாதம் ஓட்டலில் வேலை, ஆறு மாதம் உலகப் பயணம். இதைத் தெருவுக்கு அறிமுகப்படுத்திய பெருமை மூன்றாம் வீட்டு அக்காவின் தம்பியைச் சேரும். அவருக்கு 'உலகஞ்சுற்றி' என்று பட்டம் சூட்டியதும் தெருதான். சூட்டியது கேலியாகத்தான். அவர் அதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார்.

சீசன் தொடங்கியதும் அவர் மலைமேல் இருக்கும் ஓட்டலுக்குப் போய்விடுவார். பெட்டி தூக்குவார், படுக்கை விரிப்பார், காலையில் பரிமாறுவார். தங்குவதும் சாப்பிடுவதும் ஓட்டல் செலவு என்பதால் சம்பளம் முழுசாக மிஞ்சும். சீசன் முடிந்ததும் அந்தப் பணத்தில் ஆறு மாதம் தேசம் தேசமாகப் போகவேண்டியது. ஏழு வருடமாக இப்படித்தான் அவர் 'சுதந்திர மனிதராக' வாழ்ந்துவருகிறார்.

நடைமுறையில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. பணம் ஐந்தாவது வாரமே தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களை அவர் அக்கா வீட்டு முன்னறையில், லேப்டாப்பில் வரைபடம் பார்த்தபடி கழிப்பார். அந்த அறைக்குப் பெயர் 'பேஸ் கேம்ப்'. பெரிய சிகரம் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒன்று தேவையாம்.

தொழிலில் அவர் புலி. வயிற்றெரிச்சலில்கூட அதை மறுக்க முடியாது. அக்கா வீட்டுக் கழிவறையில் காகிதச் சுருளின் நுனியை முக்கோணமாக மடித்துவைப்பார். துண்டை அன்னப் பறவையாக மடித்துப் படம் எடுப்பார். பிறகு அதே அன்னத்தால் தலையைத் துவட்டித் தரையில் போடுவார்.

"ஏண்டா, துண்டை எடுத்துக் கொடியில போட்டா கை தேஞ்சிடுமா?"

"அக்கா, மாட்டி வச்சா திரும்பவும் உபயோகிப்பேன்னு அர்த்தம். தரையில போட்டா மாத்தணும்னு அர்த்தம். உலகம் முழுக்க ஓட்டல்ல இதுதான் ரூல்."

"இந்த வீட்டுக்குன்னு ஒரு ரூல் இருக்கு. சொல்லட்டுமா?"

"காலங்காத்தால டென்ஷன் ஆகாதக்கா. காபி கொஞ்சம் சூடா இருந்தா நல்லாருக்கும்."

அக்கா காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. யார் என்ன எழுதிக் கொடுத்தாலும், ஒரு போன் போட்டு விசாரிக்காமல் கோப்பை மூடமாட்டாள். அவள் கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். பாதி ஊரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். ஆனால் அவருக்குக் கடல் என்பது வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, இருவரும் எட்டு நாள் கடலோரம் போய்வருவதென்று முடிவாகியிருந்தது. அக்கா லீவு வாங்கிவிட்டாள். நீலப் பூ போட்ட புடவை ஒன்றை எடுத்து, யாருக்கும் காட்டாமல் பீரோவில் வைத்திருந்தாள். எங்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

இடைஞ்சல் ஒன்றுதான். அக்கா வீட்டிலேயே இருக்கும் அவர்களின் அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி ஒன்றரை மாதம். வாக்கரைப் பிடித்து நடப்பார். கூட ஒரு ஆள் வேண்டும். மூன்று வேளை மாத்திரை.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று உலகஞ்சுற்றி நெஞ்சில் கைவைத்தார். "நீயும் மாமாவும் கிளம்புங்க. நான் ஒரு ப்ரொஃபஷனல்."

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, அந்த ப்ரொஃபஷனல் காலைச் சாப்பாட்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். சீசன் இந்த வருடம் முன்கூட்டியே தொடங்குகிறது. ஓட்டலிலிருந்து அவசர அழைப்பு. நாளையே போயாக வேண்டும்.

வேன்காரர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எட்டே எட்டு நாள்டா."

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? கடமைன்னு ஒண்ணு இருக்கே. ஒண்ணு செய், ட்ரிப்பைத் தள்ளிவை. கடல் எங்க போயிடப்போகுது?"

அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஏண்டா, உலகத்தையே சுத்தினவனுக்கு என்னை பாத்ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போக வழி தெரியலையா?"

"அப்பா, நீங்க எமோஷனலா பேசறீங்க."

"எமோஷன் இல்லடா. அவசரம்."

அக்காதான் கரண்டியை வைத்துவிட்டு ஓடினாள். அப்படியே அவருக்கு நகமும் வெட்டிவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்தாள். அவள் தரையைத் துடைக்கும்போது உலகஞ்சுற்றி, நல்ல பழக்கம் உள்ளவர் என்பதால், கால்களைத் தூக்கிக்கொண்டார்.

மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், அக்கா மலை ஓட்டலுக்குப் போன் போட்டாள். மேனேஜர் கிடைத்தார்.

"அவரோட அக்காவா? அவர் எங்க ஓட்டலோட சொத்தும்மா!"

"சீசன் முன்னாடியே தொடங்குதுன்னு அவசரமா கூப்பிட்டீங்களாமே?"

"நாங்களா? சீசன் எப்பவும் போல அடுத்த மாசம்தான். அவரேதான் போன் பண்ணினார். வீட்ல சும்மா உக்கார முடியல, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கவாவது வர்றேன்னார். இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?"

"வராது சார்."

"அதுலயும் வயசானவங்கன்னா உருகிடுவார்! போன வருஷம் ஒரு பெரியவர் பன்னெண்டு நாள் தங்கினார். கைத்தாங்கலா நடத்திக் கூட்டிட்டுப் போறதென்ன, நகம் வெட்டிவிடறதென்ன, கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் நிப்பார்!"

கோபம் வந்தால் கத்துகிற ரகமல்ல அக்கா. மனுவைத் திருப்பி முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ரகம்.

"சார், இப்ப அங்க ரூம் இருக்கா?"

"எல்லாமே காலியாத்தான் கிடக்கு. ஸ்டாஃபோட அப்பா அம்மான்னா பாதி வாடகை. அதையும் ஸ்டாஃப் சம்பளத்துலதான் பிடிப்போம். நல்ல திட்டம்மா. ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன். தரைத்தளத்துல ஒரு ரூம். எட்டு நாளைக்கு. அவன்கிட்ட சொல்லாதீங்க, சந்தோஷத்துல வேலை ஓடாது."

மறுநாள் தம்பியின் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டு அனுப்பிவைத்தாள். ட்ரிப்பைத் தள்ளிவைத்துவிட்டாள் என்று அவருக்கு மனநிறைவு.

மூன்று நாள் கழித்து ஓட்டல் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உலகஞ்சுற்றி தள்ளுவண்டியோடு ஓடிவந்தார். பின்னாலேயே மேனேஜர். "வணக்கம் சார், உங்கள் வருகை எங்கள் பாக்கியம்" என்று உலகஞ்சுற்றியின் வாய் பழக்கத்தில் சொல்லி முடித்த பிறகுதான் கண் பார்த்தது.

"வணக்கம்," என்றார் அப்பா. "ரூம் எந்தப் பக்கம் தம்பி?"

உலகஞ்சுற்றி புன்னகையைக் கலைக்காமல் பல்லிடுக்கில் பேசினார். "அக்கா, என்ன இது?"

"மாத்திரைச் சீட்டு பையில இருக்கு. மூணு வேளை. நாங்க கிளம்பறோம், இருட்டறதுக்குள்ள கடலைப் பாத்துடணும்."

"இது அநியாயம்."

"என்ன சொன்ன?"

மேனேஜர் ஓரடி நெருங்கினார்.

"ஒண்ணும் இல்ல மேடம். பயணம் இனிதாக அமையட்டும்."

அந்த எட்டு நாள், ஓட்டல் தொழிலின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட வேண்டியது. அப்பா மணியை அடித்தால் அடங்குவதற்குள் ஆள் வந்தது. மாத்திரை வெந்நீரோடு வந்தது. மூன்றாம் நாள், வருகிறதா பார்ப்போம் என்று ஒரு தலையணை கேட்டார், இரண்டு வந்தது. தோட்டத்தில் தினமும் காலையில் முப்பது அடி நடை, தோளில் மகனின் கை. அப்பா கடைசிவரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. விருந்தாளியின் மரியாதையைக் காப்பாற்றினார்.

ஆறாம் நாள், நகம் வெட்டும்போது கேட்டார்: "உனக்கு அப்பா இருக்காரா தம்பி?"

"இருக்கார் சார்."

"யாரு பாத்துக்கறா?"

நகவெட்டி ஒரு நொடி நின்றது. "அக்கா இருக்காங்க சார்."

"அப்ப கவலையில்ல," என்று அப்பா அடுத்த காலை நீட்டினார்.

இருநூறு மைல் தள்ளி, வேன்காரர் வண்டியைப் பூட்டிச் சாவியை அக்காவின் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நீலக் கோட்டுக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றார். நீலப் பூப் புடவையின் கரை நனைந்தது. அக்கா அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் வேன் திரும்பி வந்தது. கிளம்பும் விருந்தாளிகளிடம் கருத்துப் படிவம் நீட்டுவது அந்த ஓட்டலின் வழக்கம். பாராட்டு இருந்தால் ஊழியர்களை வரவேற்பறையில் வரிசையாக நிறுத்தி மேனேஜரே உரக்கப் படிப்பார். அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கி, நிதானமாக எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார். உலகஞ்சுற்றி கைகளைக் கட்டி, பாராட்டு வாங்கும் தோரணையில் முன்வரிசையில் நின்றார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"சேவை மிகமிகச் சிறப்பு. ஒரு குறையும் இல்லை. என்னைக் கவனித்த தம்பியின் வயதில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனை உங்களிடம் அனுப்பினால், இப்படிப் பழக்கித் தர எத்தனை வருடம் ஆகும்?"