படைக்கு மருந்து சொல்லும் பெரியப்பா

வீட்டுக்கு ஒருவர் உண்டு: டாக்டருக்குப் படிக்காத டாக்டர். யாராவது தும்மினால் போதும். காரணம், மருந்து, பத்தியம் மூன்றையும், தும்மியவர் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். உங்களுக்கும் தெரிந்தவர்தான்.

இந்த வீட்டில் அவர் பெரியப்பா. முப்பது வருஷம் தையல் மெஷின் பழுது பார்த்தவருக்கு மனித உடம்பு எம்மாத்திரம்?

தம்பி மகளுக்கு ஆறு வயது. அவள் உச்சந்தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் உதிர ஆரம்பித்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்றாள் அவள் அம்மா.

"எதுக்கு? புழுவெட்டு. பாத்தாலே தெரியுதே!"

திங்கட்கிழமை சின்ன வெங்காயம் தேய்த்தார், செவ்வாய் பூண்டு, புதன் மிளகு, வியாழன் மூன்றையும் சேர்த்து அரைத்து அப்பினார். வெள்ளிக்கிழமை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் காலையிலேயே பசி எடுத்துவிட்டது. வட்டம் குறைந்ததா? இரண்டானது.

"இனிமே முடியே வராதா, பெரியப்பா?"

அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. மறுநாள் காலை பெரியப்பா, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

டாக்டரம்மா செதிலைச் சுரண்டிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். "இது படை. பூஞ்சையால வர்றது. தலையில வந்தா மேல தடவி மட்டும் போகாது, ஆறு வாரம் விடாம மாத்திரை குடுக்கணும். சீப்பு, துண்டு எல்லாம் தனியா வைங்க." பிறகு பெரியப்பாவின் கழுத்தைக் கூர்ந்து பார்த்தார். "உங்களுக்கு இந்த வட்டம் எத்தனை நாளா?"

"இதுவா? உடம்புச் சூடு."

"அதுவும் படைதான். குழந்தைகிட்டேருந்து ஒட்டியிருக்கு."

வீடு வந்து சேர்ந்தும் பெரியப்பா வாய் திறக்கவில்லை. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தம்பி மனைவி பயந்தே போனாள்.

மாத்திரை தீர்வதற்குள் பூனைமுடி போல முளை விட்டது. குழந்தை நாளுக்குப் பத்து தடவை கண்ணாடி பார்த்தாள். பெரியப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நான் அரைச்சுத் தேய்ச்சது கொஞ்சம் லேட்டாத்தான் வேலை செய்யும்னு எனக்கு அப்பவே தெரியும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'அடடா, எலுமிச்சம்பழத்தை விட்டுட்டாரே!' என்று உங்களுக்கு நாக்கு துறுதுறுத்திருந்தால்...

வணக்கம், பெரியப்பா.