சிமிட்டாத விளக்கு

அக்டோபர் 28, காலை ஏழு மணி பத்து நிமிடம். ஹங்கேரியின் பாலட்டோன் ஏரிக் கரை விளக்கு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து தடவை சிமிட்டியது. எண்ணியவர் கெடியோன் சபாதி. படுத்தபடியே, கைக்கடிகாரத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எண்ணினார்.

நாற்பத்தைந்து என்றால் காற்று வரப்போகிறது, சின்னப் படகுகள் கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது. தொண்ணூறு என்றால் யாருமே ஏரியில் இறங்கக்கூடாது. ஊரில் மற்றவர்கள் அந்த விளக்கைத் திட்டுவார்கள். கெடியோன் அதைக் கும்பிடாத குறை. பன்னிரண்டு வருடமாகச் சொந்தப் பாய்மரப் படகு வைத்திருந்தார். பொன் பட்டை போட்ட கேப்டன் தொப்பி வைத்திருந்தார். ஏரித் தண்ணீரைக் கண்டால் இரண்டு முழங்காலும் தனித்தனியாக நடுங்கும் என்கிற ரகசியத்தையும் வைத்திருந்தார். விளக்கு சிமிட்டும் நாளாகப் பார்த்துத்தான் துறைக்குக் கிளம்புவார். "நான் ரெடி, சட்டம் விடல" என்று சொல்லித் திரும்பி வருவார். போகாத படகின் பாயில் மூன்று வருடமாகப் புதுப்புது ஒட்டு விழுந்துகொண்டிருந்தது. எலி வேலை என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருடம் வாய் கெடுத்தது. படகு கிளப் விருந்தில் மூன்றாவது கோப்பை பாலிங்கா சாராயம் உள்ளே போனதும் எழுந்து நின்றார்.

"குளிர்காலத்துக்குப் படகைக் கரையேத்துறதுக்கு முன்னால கடைசி சவாரி போறேன். மஞ்சள் மிதவையைச் சுத்தி வருவேன். பயந்து பாதியில திரும்பினா படகும் தொப்பியும் எடெல்காவுக்கு!"

முதலில் கைதட்டியது அவர் மனைவி எடெல்கா. கிளப் பதிவேட்டைக் கொண்டுவந்து, பந்தயத்தை எழுதி, கையெழுத்து வாங்கியதும் அவள்தான்.

போதை தெளிந்ததிலிருந்து கெடியோனுக்குச் சோறு இறங்கவில்லை. 28-ம் தேதி காலை வானொலி அவரைப் பிழைக்க வைத்தது. சனி, ஞாயிறு பலத்த காற்று.

"சனிக்கிழமை போயிடலாம் எடெல்கா."

"சனிக்கிழமை எப்படிங்க? அம்மா கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி கொண்டு போகணும். ஞாயித்துக்கிழமை சகல புனிதர் திருநாள், ஊரே அங்கதான் நிக்கும்."

"அப்ப?"

"ஞாயிறே வெச்சுக்கலாம். திங்கட்கிழமை துறைக்காரர் பர்னபாஷ் கிரேனோட வந்து படகைத் தூக்கிடுவார்."

"அன்னிக்கும் காத்து பலமா இருக்குமாமே?"

"கேப்டனுக்குக் காத்துன்னா பயமோ?"

"பயமா? எனக்கா? சட்டம்னு ஒண்ணு இருக்கேன்னு சொன்னேன்."

"விளக்கு சிமிட்டினா பந்தயம் ரத்து. அதையும் எழுதிடறேன், போதுமா?"

எழுதினாள். கெடியோனுக்கு அவளைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. இடுப்பு வலியால் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க அவர் தொட்டி சுமந்தார். மாமியார், மாமியாரின் அக்கா, யாரென்றே தெரியாத ஒரு தபால்காரர், எல்லாருக்கும் செவ்வந்தி. வானொலி கேட்க நேரமில்லை. ஏரிப் பக்கம் விளக்கு தொண்ணூறு சிமிட்டியது. அதைப் பார்த்த நிம்மதியில் குழந்தை மாதிரி தூங்கினார்.

ஞாயிறு காலை பத்து மணி. துறையில் ஈ காக்கை இல்லை. விளக்கு சிமிட்டவில்லை.

"கிளம்பலாமா கேப்டன்?" என்றாள் எடெல்கா, படகில் ஏறி உட்கார்ந்தபடி.

"இரு, இரு. இப்ப ஆரம்பிச்சிடும்."

"எது?"

"ஒண்ணுமில்ல."

கோட்டுக்கு மேலே ஒரு மிதவைச் சட்டை, உள்ளே ஒன்று. படகு துறையை விட்டு நகர்ந்தது. கெடியோன் சுக்கானைப் பிடித்திருந்தாரா, சுக்கான் அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்வது கஷ்டம். கண் மட்டும் விளக்கின் மேல். பாய் விம்மியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பச்சைத் தண்ணீர் விளிம்பு வரை வந்து அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"சிமிட்டு," என்றார் விளக்கைப் பார்த்து. "ஒரே ஒரு தடவை."

கரை சுருங்கியது. தேவாலயக் கோபுரம் தீக்குச்சி ஆனது. அடுத்த அலை தொப்பியை நனைத்தது. அவருக்குத் தன் சாவுச் செய்தி கண் முன்னால் அச்சாகித் தெரிந்தது. அதில் பெயரைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

"விளக்கு கெட்டுப்போச்சுடி! புகார் குடுக்கணும்! உடனே கரைக்குப் போயி..."

"கெட்டுப்போகலைங்க. நேத்து அக்டோபர் முப்பத்தொண்ணோட அதுக்கு சீசன் முடிஞ்சுது. இனி ஏப்ரல் ஒண்ணாம் தேதிதான்."

கெடியோன் விளக்கை மறுபடி பார்த்தார். பன்னிரண்டு வருடம் எண்ணிய விளக்கு. நவம்பரில் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்ததில்லை.

"அப்ப புயல் வந்தா?"

"வராது. காத்து பாதியாக் குறையும்னு நேத்தே வானொலியில சொல்லிட்டாங்க. நீங்க தொட்டி தூக்கிட்டிருந்தீங்க."

அடுத்த அலையில் படகு இன்னும் சாய்ந்தது. கெடியோன் சுக்கானை விட்டுப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று எடெல்காவைக்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"திரும்பு!"

"சட்டம் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"நான்தான்!"

"ஏன்?"

"பயமா இருக்குடி! போதுமா?"

"போதும்," என்று சுக்கானைப் பிடித்தாள். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். படகு நிமிர்ந்தது. மஞ்சள் மிதவையைச் சோம்பேறிப் பூனையைத் தாண்டுவது போலச் சுற்றிக்கொண்டு கரைப் பக்கம் திரும்பியது.

"உனக்கு எப்படி...?"

"வியாழக்கிழமை தோறும் நீங்க வெந்நீர்க் குளத்துல கழுத்தளவு உக்காந்து செஸ் ஆடுவீங்களே. அப்ப பர்னபாஷ் கிட்ட கத்துக்கிட்டேன். மூணு வருஷமாச்சு."

"அப்ப பாயில ஒட்டு?"

"எலிக்குத் தையல் தெரியுமாங்க?"

துறையில் பர்னபாஷ் பதிவேட்டோடு நின்றிருந்தார். எடெல்கா கையை நீட்டினாள். கெடியோன் தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறிவிட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஏப்ரல் 12-ம் தேதி படகு மறுபடி ஏரியில் இறங்கியது. கேப்டன்: எடெல்கா சபாதி. விளக்கு சிமிட்டினால் கரையிலிருந்து கொடி ஆட்டும் வேலை கெடியோனுக்குத் தரப்பட்டது.