ஏத்தத்துல கொறையும், எறக்கத்துல கூடும்

போன புதன்கிழமை எங்களுக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. நோர்வூட்ல இருந்து நுவரெலியாவுக்குப் போகணும். என் பேத்தி தரணிக்கு அங்க கல்யாணப் பதிவு. பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள கையெழுத்து விழுந்தாகணும்.

அவ அங்கதான் டீச்சரா இருக்கா. அவளோட பொறப்புப் பத்திரம் என் பையில, மாலை ரெண்டும் என் மடியில. சாட்சிக் கையெழுத்தும் நான்தான்! ஆக, நான் போகலன்னா கல்யாணமே இல்ல. இந்த வயசுல இவ்வளவு கிராக்கி யாருக்கு இருக்கு?

தரணியோட அப்பன், என் மகன் கண்ணன்தான் கார் ஓட்டுனான். வாங்கி மூணு வாரம்தான் ஆகுது. பின்னால நானும் என் நாத்தனார் லெச்சுமியும். லெச்சுமி ஏறுனதும் கார் ஒரு பக்கம் சாஞ்சுச்சு. அதச் சொன்னா கோவிச்சுக்குவா, விடுங்க.

இந்தக் கார்ல ஒரு நம்பர் வரும். இருக்குற பெற்றோலுக்கு இன்னும் எத்தன கிலோமீட்டர் ஓடும்னு அதுவே சொல்லும். கெளம்பறப்ப நூத்திப்பத்து. "தாராளம்மா"ன்னான் கண்ணன்.

ஹட்டன் வந்துச்சு. நம்பர் எண்பத்திரெண்டு!

"டேய், நாம வந்தது பதிமூணு கிலோமீட்டர்தானேடா? மிச்சத்த யாருடா குடிச்சது?"

"மதினி, என்னையப் பாக்காதீங்க"ன்னா லெச்சுமி.

அப்புறம் தலவாக்கலை பக்கம் எறங்குனோம் பாருங்க, நம்பர் தொண்ணூத்தஞ்சு ஆயிருச்சு. சத்தியமா! ஓட ஓடக் கூடுது!

கண்ணன் பெற்றோல் அடிக்கிற செட்டுக்குள்ள திருப்பப் பாத்தான். நான் விடல. "அதுவே ஊறுதுடா, நீ எதுக்கு வேற ஊத்துற? நேரம் ஆகுது, விடு"ன்னேன். இந்த வாய நான் என்ன செய்யிறது?

தாண்டுனோம். ஏத்தம் தொடங்குச்சு.

எழுவது. அம்பத்தெட்டு. நாப்பத்தொண்ணு. ரெண்டு வளைவுக்கு ஒருக்கா எங்க ஆயுசு கொறையிற மாதிரி கொறையுது. போன் அடிச்சுச்சு. தரணி. "அப்பாயி, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டோம்டி கண்ணு"ன்னேன். எங்க வந்துட்டோம்னு சொல்லல.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப, தோட்டத்து லொறி ஏத்தத்துல மொனகுனா எல்லாரும் குதிச்சு எறங்கி நடப்போம். அப்பிடி நடந்த ஒரு நாள்தான் எங்க வீட்டுக்காரரு மொதமொதல்ல எங்கிட்ட பேசுனாரு. "செருப்பு அந்துருச்சு"ன்னாரு. என் செருப்பு இல்ல, அவரு செருப்பு. சரி, அந்தக் கதை கெடக்கட்டும்.

"பாரத்தக் கொறைப்போம்! எறங்கு லெச்சுமி!"

பட்டுச்சேலையும் மாலையுமா ரெண்டு கெழவிங்க மழைத் தூறல்ல ஏத்தத்துல நடக்குறோம். கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஒருத்தி கேட்டா, "அம்மாச்சி, பொண்ணு நீங்களா, அவங்களா?"

வளைவுல கார் எங்களுக்காக நின்னு உறுமிக்கிட்டிருந்துச்சு. கண்ணாடில பனி படியுதுன்னு கண்ணன் ஏசிய வேற போட்டு வச்சிருந்தான். ஏறிப் பாத்தா முப்பத்தெட்டு.

"மதினி, எறக்கத்துலதான கூடுச்சு? கொஞ்ச தூரம் கீழ போய்ச் சேத்துக்கிட்டு வருவோமா?"ன்னா லெச்சுமி.

அவ வாழ்க்கையில சொன்ன நல்ல யோசனை அதுதான்னு நெனச்சேன். கண்ணனும் திருப்புனான். மூணு கிலோமீட்டர் எறங்குனோம். அம்பத்திரெண்டு! காருக்குள்ள கைதட்டல், குலவை!

திரும்பி ஏறுனோம். அதே வளைவு. முப்பத்திமூணு.

"பத்தல, இன்னொருக்கா போவோம்"ன்னேன். போனோம். நாப்பத்தொம்பது. வந்தோம். இருவத்தொம்பது. மணி பதினொண்ணேகால்!

எங்கள ரெண்டு தடவ எதுருல பாத்த மரக்கறி லொறிக்காரர் ஒருத்தர் நிப்பாட்டுனாரு. நல்ல மனுசன். முஸ்லிம் ஆளு, அவங்கள எங்க பக்கம் 'நானா'ன்னுதான் கூப்புடுவோம், அண்ணன்னு அர்த்தம். "என்ன தம்பி, எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல நானா, பெற்றோல் சேக்குறோம்"ன்னான் கண்ணன், பச்சப்புள்ள மாதிரி.

அவரு எறங்கி வந்து அந்த நம்பர எட்டிப் பாத்தாரு. அப்புறம் பொறுமையாச் சொன்னாரு. "கடைசியா ஓடுன தூரத்துக்கு எவ்வளவு குடிச்சுச்சோ, அத வச்சுத்தான் அம்மா இது மிச்சத்துக்குக் கணக்குப் போடும். ஏத்தத்துல நெறய குடிக்கும், அதனால பயந்து கொறச்சுச் சொல்லும். எறக்கத்துல குடிக்காது, பெருமையாக் கூட்டிச் சொல்லும். டாங்கியில இருக்குறது ஏறாது. நீங்க மேலயும் கீழயும் போனதுல செலவுதான் ஆகியிருக்கு."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி வெளங்கிருச்சு. நான் முப்பது வருசம் கொழுந்தெடுத்தவ. காலையில நல்ல மலையில நிறுத்துனா, "இன்னிக்கு இருவத்தஞ்சு கிலோ"ன்னு கங்காணிகிட்ட வாய் வீசுவேன். பத்து மணிக்குக் காஞ்ச மலைக்கு மாத்தி விட்டா, "பதினஞ்சு கூடத் தேறாது"ன்னு ஒப்பாரி வைப்பேன். ரெண்டும் அந்த நேரத்துக் கைவேகத்த வச்சுச் சொன்னதுதான். இந்தக் காரும் என்னய மாதிரியே ஒரு வாய்க்காரி!

"நுவரெலியாவுக்கு இருவது கிலோமீட்டர் கூட இல்ல. ஏசிய நிப்பாட்டிட்டு நேராப் போங்க, போதும்"ன்னாரு. போறப்ப ஒண்ணு கேட்டாரு. "கீழ போனதுதான் போனீங்க, அப்பிடியே தலவாக்கலைக்கே போய் பெற்றோல் அடிச்சிருக்கலாமே?"

மூணு பேரும் தேயிலையப் பாத்தோம்.

போய்ச் சேந்தப்ப மணி பதினொண்ணு அம்பது. டவுனுக்குள்ள எறங்குனதும் நம்பர் மறுபடி கூடுச்சு. கண்ணன் அத ஒரு கையால மறச்சுக்கிட்டு ஓட்டுனான்.

தரணி வாசல்ல அழுது மூக்கெல்லாம் செவந்து நிக்கிறா. "அப்பாயி, வரமாட்டீங்கன்னே நெனச்சேன்!" மாப்பிள்ளைப் பையன் என் கையப் புடிச்சு ஓட்டமா ஓடுனான். புள்ளைங்க கையெழுத்துப் போட்டப்ப ராகு காலத்துக்கு மூணு நிமிசம் இருந்துச்சு.

அடுத்தது சாட்சி. பதிவாளர் அம்மா பேனாவ எடுத்துக்கிட்டு, "உங்க வயசு என்னங்கம்மா?"ன்னாங்க.

"ஏத்தத்துல எண்பது, எறக்கத்துல அறுபது. நீங்க பாத்துப் போட்டுக்குங்க"ன்னேன்.