பாலில் ஊறிய புலிக்கண்

பால் விடாத ஒரு பிளேன்டீயோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன ஆசை யாரை விட்டது? பவுடர் கரைத்த மாப்பால் தேநீர் குடித்து அலுத்துப்போன சந்திரகுமார், வெள்ளிக்கிழமை காலை அடுப்படியில் சின்னச் சட்டியில் பசும்பாலைக் கண்டதும், அதை அடுப்பில் ஏற்றிவிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனான். கருகல் மணம் வந்ததும் ஓடி வந்தான். பால் வற்றிச் சட்டி கருகி, அடியில் ஒரு மோதிரம் கிடந்தது.

மனைவி அருந்ததிக்குத் திங்கட்கிழமை டிரைவிங் ட்ரயல், மூன்றாவது தடவை. தைரியம் வரப் புலிக்கண் கல் போடச் சொல்லிச் சாதகம் பார்க்கும் சாத்திரியார் சொன்னதாக அவள் போனில் கதைத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரவு முழுக்கப் பாலில் ஊறிய மோதிரம், பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன் விரலில் ஏற வேண்டும். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். இந்த முறையும் பெயிலானால் பழி முழுக்க இவன் தலையில்தான்.

கழுவிப் பார்த்தான். பொன்னும் மண்ணிறமுமாகக் கோடோட வேண்டிய கல் செங்கல் நிறத்தில் இருந்தது. யூடியூப்பைத் திறந்தான். நார்நாரான கனிமத்தின் இடத்தைப் படிகம் மெல்ல மெல்லப் பிடித்து, கோடிக்கணக்கான வருடங்களில் உருவான கல்லாம். இவனிடம் இருந்தது இரண்டு மணித்தியாலம். உள்ளே இருக்கும் இரும்பு சூடுபட்டால் சிவக்கும், அசிட் பட்டால் வெளுக்கும் என்றார்கள். பாத்ரூம் கழுவும் அசிட்டில் போட்டான். கல் வெளுத்து வெளுத்து வைக்கோல் நிறத்துக்கே போய்விட்டது.

போன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, பால்ச்சட்டியில கை வைக்காதீங்கோ" என்றாள் அருந்ததி.

"ஓமோம், அப்படியே இருக்கு" என்றான், வாய் கூசாமல்.

சப்பாத்துக்குப் பூசும் பிரவுன் பொலிஷைத் தேய்த்தான். நிறம் வந்தது, ஆனால் திருப்பத் திருப்ப உள்ளே ஓடுமே ஒரு ஒளிக்கோடு, அது செத்துப்போயிருந்தது.

வெள்ளவத்தையில் மீரா சாஹிப்பின் கல் கடை திறக்கும்போதே வாசலில் நின்றான். மோதிரம் ஒரு கூட்டாளியுடையது, அவன் பெண்சாதிக்குப் பயந்தவன், பத்தரைக்குள் இதே மாதிரிக் கல் வைத்துத் தர வேண்டும் என்று மூச்சுவிடாமல் புளுகினான்.

மீரா சாஹிப் மோதிரத்தைத் துணியால் துடைத்தார். பொலிஷ் துணியில் ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது நான் கட்டிக் குடுத்த மோதிரம்தான். அந்த நோனா தனக்கு வாங்கல்ல, புருஷனுக்குத்தான் வாங்கினாங்க. ஒரு பிழை செஞ்சா ஒளிக்காம வந்து சொல்ற தைரியம் அவருக்கு வரணுமாம்."