மிஸ் ஐவியின் கைப்பக்குவம்

மாவு முதலில் கிண்ணத்தில் ஒட்டியது. அப்புறம் கையில் ஒட்டியது. கையை உதறினால் சுவரில் ஒட்டியது. உருட்டுவதற்கு எடுத்த ரம் பாட்டிலோடு சேர்ந்து அது மேலே எழும்பி வந்தபோது மிஸ் ஐவிக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் மாவு போடு,” என்றாள் மிஸ் டோர்கஸ். பக்கத்து வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தொப்பியெல்லாம் வைத்துக்கொண்டு கிளம்பியவள், வேலிக்கு இந்தப் பக்கம் நடக்கிற கூத்தைப் பார்த்ததும், கர்த்தர் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருப்பார் என்று முடிவுசெய்து உள்ளே வந்துவிட்டாள்.

“போட்டுக்கிட்டேதான் இருக்கேன். பையே காலி.”

“அப்ப கொழுப்பு போடு.”

“எனக்கா, மாவுக்கா?”

“உனக்கு இருக்கற கொழுப்பு போதும். மாவுக்குப் போடு.”

தீவின் மலைமேல் இருக்கிற கிறிஸ்டியானா ஊரில் மிஸ் ஐவியின் தையல் பேர்போனது. பள்ளிக்கூடச் சீருடை என்றால் அவள்தான். சமையல் என்று வந்தால் மட்டும், அவள் வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும். அப்படிப்பட்டவளின் பெயரில் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்தில், ஒரு கடை நடக்கிறது. ‘மிஸ் ஐவியின் கைப்பக்குவம்’ என்று பெரிய பலகை. விற்பது பேட்டி. மந்திரிமார் கொடுக்கிற பேட்டி இல்லை. உள்ளே காரசாரமாகக் கொத்துக்கறியும் மேலே பொன்மஞ்சளாக உதிர்கிற மாவும் வைத்துச் சுடுகிற பேட்டி. பலகைக்குக் கீழே அவள் மகன் லென்வொர்த் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம் அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையில் நெஞ்சு நிமிரும். அதே சமயம் பயமாகவும் இருக்கும்.

காரணம் இருந்தது. லென் சின்னப் பையனாக இருக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தான். “எல்லார் அம்மாவும் வீட்ல பேட்டி சுடறாங்களாம். உங்கம்மாவுக்குச் சமைக்கவே தெரியாதுன்னு சிரிக்கிறாங்க, மம்மா.”

அப்பன் இல்லாத பிள்ளை. அதன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? “எவ சொன்னா? வர்ற வெள்ளிக்கிழமை பாரு,” என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாஸ் நெவிலின் பேக்கரிக்குப் பின்வாசல் வழியாகப் போய்ச் சுடச்சுட வாங்கிவந்தாள். ஆனால் கடைப் பேட்டிக்கு ஓரம் வழவழவென்று இருக்கும். வீட்டுப் பேட்டி என்றால் முள்கரண்டி அழுத்திய வரி இருக்க வேண்டும். ஆகவே சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முள்கரண்டியை வெந்நீரில் தோய்த்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பதமாக அழுத்தி எடுத்தாள். பார்த்தால் சாட்சாத் வீட்டுப் பேட்டி. “லென், இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தேன்,” என்று குரல் கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமைக்கென்று சொன்ன பொய், பிள்ளை மீசை முளைத்து விமானம் ஏறும்வரை ஓடியது.

இந்த வியாழக்கிழமை அவன் போன் செய்தான்.

“மம்மா, நானும் ஜொனெலும் ஞாயித்துக்கிழமை வர்றோம். நீங்க பேட்டி சுடறத நேர்ல பாக்கணும்னு இவ ஒத்தக் கால்ல நிக்கிறா.”

ஜொனெல் அவனுடைய புது மனைவி. பர்மிங்ஹாமில் பிறந்து வளர்ந்தவள்.

“நேர்லயா? எதுக்குப்பா? அங்கதான் நீயே நல்லா சுடறியே.”

“நீங்க செஞ்சதப் பாத்துத்தானே நானும் செய்யறேன்.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒண்ணும் சிரமப்படாதீங்க. எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க. புதுசா எதுவும் வேணாம்.”

சாத்திய கதவுக்கு வெளியே நின்று இந்தப் பிள்ளை எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்பார்கள். இங்கே பூனைக்குப் பிறந்தது புலியாகிவிட்டது, எல்லாம் ஆண்டவன் கிருபை என்று நினைத்துக்கொண்டாள்.

“பலகைல என் பேர எழுதி வெச்சிருக்கான், டோர்கஸ்,” என்றாள் இப்போது, மாவைப் பிய்த்துக்கொண்டே. “நேத்து வந்த பொண்ணு முன்னாடி என் பிள்ளை தலைகுனிஞ்சு நின்னா, நான் உயிரோட இருந்து என்ன பிரயோசனம்?”

“நீ செத்தாலும் மாவு ஒட்டத்தான் செய்யும். அந்தக் கொழுப்ப இப்படிக் குடு.”

மாட்டுக்கொழுப்பைக் கட்டியாகத் துருவிப் போட வேண்டும். டோர்கஸ் சீக்கிரம் ஆகட்டுமென்று அதை உருக்கி ஊற்றினாள். மாவு நீச்சலடித்தது. அதைச் சரிக்கட்ட டோர்கஸ் வீட்டு மாவையும் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது பலகை மாதிரி இறுகியது. தண்ணீர் தெளித்தார்கள். பழையபடி ஒட்டியது. நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் போடலாமென்று ஐவி டப்பாவைச் சாய்த்தபோது மூடியும் மஞ்சளும் சேர்ந்தே விழுந்தன. முழங்கை வரைக்கும் மஞ்சள், போதாததற்கு வியர்வையைத் துடைத்ததில் முகமெல்லாம் மஞ்சள்.

“மாவு கிடக்கட்டும், கறியப் பாரு,” என்றாள் டோர்கஸ்.

கறியில் நாக்கைப் பொசுக்குகிற பானெட் மிளகாயை முழுசாக மிதக்கவிட்டு, வாசனை இறங்கியதும் உடையாமல் எடுத்துவிட வேண்டும். டோர்கஸ் எடுத்தாள். காம்பு மட்டும் வந்தது.

“மீதி எங்கடி?”

“உள்ளதான் எங்கயாவது இருக்கும். தேடுவோம்.”

தேடுகிறேன் பேர்வழி என்று இருவரும் கரண்டி போட்டுக் கிளறியதில் இருந்த கொஞ்சநஞ்சமும் கரைந்துவிட்டது. டோர்கஸ் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஐவி சர்க்கரை போட்டாள். தித்தித்தது. உப்புப் போட்டாள். கரித்தது. வீட்டிலிருந்த ரொட்டியையெல்லாம் உதிர்த்துக் கொட்டினாள். கறி இரண்டு மடங்காகிவிட்டது. காரம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது. லென். “மம்மா, இதோ வந்துட்டே இருக்கோம்.”

ஐவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தத் தீவில் ‘இதோ வந்துட்டே இருக்கேன்’ என்று ஒருத்தன் சொன்னால் அவன் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். நேரம் நிறைய இருக்கிறது.

“மாவ ஒரு துணி போட்டு மூடி வை. கண்ணுல பட்டாலே பத்திக்கிட்டு வருது,” என்று சொல்லிவிட்டு ஐவி ஓடினாள்.

மாஸ் நெவில் பேக்கரிக்காரர் மட்டுமில்லை, சபையில் பாஸ்டருக்குத் துணையான டீக்கனும்கூட. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஆகவே பிரசங்கத்துக்கு நடுவில், ஏப்ரனும் மஞ்சள் முகமுமாக ஐவி சபைக்குள் நுழைந்து முன்வரிசைக்கு நடந்தாள். பாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டார். யாரோ ‘அல்லேலூயா’ என்றார்கள். அவள் டீக்கனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

“மிஸ் ஐவி, உடம்புக்கு என்ன? மஞ்சக் காமாலையா?”

“கடையத் தொறங்க, மாஸ் நெவில். லென் வர்றான்.”

“ஓய்வுநாள்ல தொறந்தா பாஸ்டர் என்ன சொல்வாரு?”

“அத்தனை வருஷமா பின்வாசல் வழியா குடுத்தீங்களே, அதையும் அவர்கிட்டயே கேட்டுடறேன்.”

மாஸ் நெவில் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா தாயே, அத வேற விதமா நெனச்சுக்குவாங்க.” அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், நாளைக்குச் சுடுவதற்காகக் குளிர்பெட்டியில் உறையவைத்திருந்த பேட்டிகளை ஒரு அட்டைப்பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். “அடுப்புல வெச்சா போதும். பொரிஞ்சு வந்துரும்.”

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டு முனை திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் கார். வெள்ளைக்காரன் ஊரில் இருந்து இருந்து, பிள்ளைக்குச் சொன்ன நேரத்துக்கு வருகிற வியாதி தொற்றியிருந்தது.

பின்பக்கமாக வந்து, குளியலறை அழுக்குத்துணிக் கூடைக்குள் பெட்டியைத் திணித்து, மேலே நாலு துணியைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

லென் அங்கே நடுவில் நின்றுகொண்டிருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். ஆனால் கண் என்னவோ மேசை மேலேயே இருந்தது.

“மம்மா, இதென்ன மாவா?”

“ஏன், பேட்டிய மாவுல சுடாம மண்ணுலயா சுடுவாங்க?” என்றாள் டோர்கஸ்.

“இல்ல மிஸ் டோர்கஸ். சும்மா கேட்டேன்.” அவன் முகம் வெளுத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டான் என்று ஐவி பயந்தாள்.

ஜொனெல் நல்ல பெண். வந்ததும் மாமியாருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். “நான் என்ன செய்யணும், மிஸ் ஐவி?”

தப்பிக்க வழியில்லை. ஐவி கர்த்தரை நினைத்துக்கொண்டு மாவு மேலிருந்த துணியை எடுத்தாள். ரம் பாட்டிலை வைத்து ஒரு உருட்டு உருட்டினாள்.

ஒட்டவில்லை.

மறுபடி உருட்டினாள். பட்டுத்துணி மாதிரி விரிந்து கொடுத்தது. கண்ணில் படாமல் மூடி வைத்த நேரத்தில், கிறிஸ்டியானா மலைக்குளிரில், அது தன்பாட்டுக்குத் தூங்கி எழுந்து குணமாகியிருந்தது. அவள் விட்டுவிட்டு ஓடியதுதான் அதற்கு வேண்டிய பக்குவம் போலிருக்கிறது. டோர்கஸ் வாயைப் பிளந்தாள். ஐவி, இது தினமும் நடக்கிறதுதான் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வட்டம் வட்டமாக வெட்டினாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கத்தரிக்கோல் பிடித்த கை. கறி வைத்து மடித்தாள். முள்கரண்டியை எடுத்து ஓரத்தை அழுத்தினாள். ஜொனெல் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

“ஜொனெல், அடுப்பு சூடாயிடுச்சான்னு பாரு,” என்றான் லென் அவசரமாக.

முதல் தட்டு வெளியே வந்தது. ஒன்று வெடித்திருந்தது. ஒன்று செருப்பு மாதிரி இருந்தது. மற்றவையெல்லாம், ஆண்டவனே, பேட்டி மாதிரியே இருந்தன. லென் ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“காரமாப்பா?”

“காரந்தான்.” அவன் இன்னொன்றை எடுத்தான். “மம்மா, இந்தக் கைய இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

“நானே தின்றேன்னா பாத்துக்க,” என்றாள் டோர்கஸ், மூன்றாவதை முடித்துவிட்டு.

ஐவியும் ஒரு வாய் கடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. இந்த வயசில், இந்தக் கையால், இது வருமென்று யார் கண்டார்கள்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாஸ் நெவிலின் பெட்டி கூடைக்குள்ளேயே கிடந்து உருகட்டும் என்று, இரண்டாவது தட்டுக்கு மளமளவென்று மடித்து முள்கரண்டியால் அழுத்த ஆரம்பித்தாள்.

ஜொனெலால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “மிஸ் ஐவி, ஒண்ணு கேக்கவா? இந்த முள்கரண்டி...”

“கையெல்லாம் மஞ்சளா இருக்கு, பாரு. போய்க் கழுவிட்டு வந்து கேளு,” என்று லென் அவளைக் குளியலறைப் பக்கம் தள்ளாத குறையாக அனுப்பினான்.

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பொய்ப் பேட்டியைக் கொடுத்து வளர்த்த பிள்ளை, மெய்ப் பேட்டியைத் தின்றுவிட்டு அழுகிறான். இனிமேலும் மறைத்தால் அந்தப் பாவம் தீராது. வந்தது வரட்டும் என்று முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“லென், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வெள்ளிக்கிழமைப் பேட்டியெல்லாம்...”

“வேணாம், மம்மா,” என்றான் அவன். “நீங்க எதுவும் சொல்ல வேணாம். நான்தான் உங்ககிட்ட...”

அப்போது குளியலறைக் கதவு திறந்தது. கை துடைக்கத் துண்டு தேடிப்போன ஜொனெல், ஈரம் சொட்டுகிற அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தொலைந்த பொருள் கிடைத்த சந்தோஷத்தில் சமையலறைக்குள் வந்தாள்.

“பெட்டி இங்கதான் இருக்கு, மிஸ் ஐவி. இத வெச்சுக்கிட்டா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? எங்க கடைல லென் வெளியில வாங்கின பேட்டிப் பெட்டியப் பிரிச்சு, முள்கரண்டியால ஓரத்த அழுத்துவாரு, அவ்வளவுதான். அதுதான் சின்ன வயசுல கதவிடுக்குல பாத்த மம்மாவோட கைப்பக்குவம்னு சொல்லித்தானே எனக்கும் கத்துக்குடுத்தாரு.”