எட்டாத உயரத்தில் பூவராகன்

பொன்னுரங்கத்தைப் பூவராகன் கடைசியாக உயிரோடு பார்த்தது சிதம்பரம் கீழவீதியில், பொன்னுரங்கத்தின் பிரவுசிங் சென்டர் வாசலில். "இங்கிலீஷை இழைச்சு வச்சிட்டேன் சார். இனிமே உங்களை நீங்களே பார்த்தா எழுந்து நிப்பீங்க" என்று சிரித்தார் அந்த மனிதர்.

பூவராகன் கடலூர் சிப்காட்டில் பாய்லர் ஓட்டுகிறவர். கம்பெனியை மூடப்போகிறார்கள். இனி ஒன்று மஸ்கட். இல்லையென்றால் பெண்ணாடம் சர்க்கரை ஆலை. அங்கே போர்மேன், மனைவி அமராவதியின் அண்ணன் சின்னையன். மச்சானுக்குக் கீழே நிற்பதைவிட பாய்லருக்குள்ளேயே இறங்கிவிடலாம் என்று இருந்தது பூவராகனுக்கு.

அதனால்தான் வேலை தேடும் வெப்சைட்டில் ஏறினார். அவருடைய இங்கிலீஷ் பஸ் போர்டு படிக்கும் அளவுதான். பொன்னுரங்கம் கைவைத்ததும் 'பாய்லர் ஓட்டுவேன்' என்பது 'வெப்ப ஆற்றல் வியூகத்தின் முன்னோடி' ஆயிற்று. கீழே வேலை பார்த்த மூன்று பேர் 'செதுக்கப்பட்ட மனிதவளம்' ஆனார்கள். 'லீக் அடைப்பேன்' என்பது என்னவாயிற்று என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

யாரும் கூப்பிடவில்லை. உடன் வேலை பார்த்த அரசு என்பவன், அதே வெப்சைட்டில் தப்பும் தவறுமாக நாலு வரி போட்டு மஸ்கட் போய்ச் சேர்ந்தான். பூவராகன் சென்னை ஏஜெண்டுக்கு போன் போட்டார்.

"சார், உங்க லெவலுக்கு எங்ககிட்ட வேலை இல்ல சார். எங்க முதலாளியே உங்களுக்குக் கீழதான்."

"நான் வெறும் பாய்லர் ஆளுய்யா!"

"பெரியவங்க இப்பிடித்தான் சார் அடக்கமா பேசுவாங்க."

"வேற ஒண்ணு புதுசா போட்டுடறேன்."

"ஒரே ஆளு ரெண்டு மாதிரி சொன்னா போலின்னு தள்ளிடுவாங்க சார். பழசையே திருத்துங்க."

சிதம்பரத்துக்கு ஓடினார். ஷட்டர் இறங்கியிருந்தது. பொன்னுரங்கத்துக்கு மாரடைப்பு, காரியமே முடிந்துவிட்டது என்றார்கள். பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். துக்கம் கேட்கப் போன வீட்டில் அதைக் கேட்க பூவராகனுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்புடு மாமா. நல்ல மனுசன், பாவம். நான் சொன்னத அப்பிடியே செஞ்சாரு" என்றாள் அமராவதி.

"நீ என்னாடி சொன்ன?"

"நாம சென்டருக்குப் போன அன்னிக்கு, நீ போட்டோ எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனியே, அப்பதான். 'அண்ணே, எங்க வூட்டுக்காரர எவ்ளோ தூக்க முடியுமோ தூக்கி எழுதுங்க'ன்னேன்."

"எதுக்குடி?"

"கொறச்சி எழுதுனா கொத்திக்கிட்டுப் போயிருவானே! ஒரேயடியா ஏத்திட்டா எவன் கிட்ட வருவான்? நீ பாட்டுக்கு மஸ்கட்ல குந்திக்கிட்டா, இங்க நான் செவுத்தோடவா சண்ட போடறது? அண்ணங்கிட்ட அன்னிக்கே சொல்லி வச்சிட்டேன். திங்கக்கெழம ஏழு மணிக்கு வரச் சொல்லிச்சி. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?"

பூவராகன் தட்டை நீட்டினார்.

அந்த வெப்சைட்டில் வெப்ப ஆற்றல் வியூகத்தின் முன்னோடி, போட்டோ கடையின் இரவல் கோட்டும் டையுமாக இன்னும் இருக்கிறார். பெண்ணாடத்தில் அவருக்குக் காலை ஷிப்ட்.